யாரிடம் கேட்பது: முதல் கள ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வழி

ஆய்வேடுகளின் மூன்றாம் அத்தியாயத்தில் "சமவாய்ப்பு முறையில் 100 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். சமவாய்ப்பு என்றால் எல்லோருக்கும் தேர்வாகும் வாய்ப்பு ஒரே அளவு என்று பொருள். எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் கேட்டால் பலருக்குப் பதில் வராது. தெருவில் இறங்கி, கண்ணில் பட்டவரிடம், பேச நேரம் இருந்தவரிடம், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னவரிடம் கேட்டிருப்பார்கள். அதில் கிடைத்த விடை அந்த 100 பேரைப் பற்றியது மட்டுமே. அதை வைத்து ஊரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

முதல் முறையாகக் களத்துக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நர்சிங், சமூகப்பணி, பொது சுகாதாரம், சமூகவியல் படிப்பவர்கள், தொண்டு நிறுவனத்தில் சேர்ந்ததும் "ஒரு சர்வே எடுத்து வாங்க" என்று அனுப்பப்பட்டவர்கள் எல்லோருக்கும் இது உதவும். ஒரே ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம்: ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் 30 வயதைத் தாண்டியவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது என்று கண்டறிய வேண்டும்.

யாரைப் பற்றிய ஆய்வு என்று முதலில் எழுதுங்கள்

யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். "இந்த ஒன்றியத்தில் கடந்த ஆறு மாதமாக வசிக்கும், 30 வயது நிறைந்த ஆண்களும் பெண்களும்" என்று எழுதிப் பாருங்கள். உடனே கேள்விகள் வரும். செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கி வேலை செய்கிறவர்கள் உண்டா? திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிறவர்? கர்ப்பிணிகள்? படுத்த படுக்கையாக இருப்பவர்கள்? ஒவ்வொன்றுக்கும் களத்துக்குப் போகும் முன்பே விடை எழுதிவிட வேண்டும். போன பிறகு முடிவு செய்தால், எது சுலபமோ அதைத்தான் முடிவு செய்வோம்.

ஒருவரை விலக்குவதற்கு ஆய்வு சார்ந்த காரணம் இருக்க வேண்டும். கர்ப்ப காலத்து ரத்த அழுத்தம் வேறு வகையைச் சேர்ந்தது, ஆகவே கர்ப்பிணிகளை விலக்கலாம். சரி. ஆனால் பல ஆய்வேடுகளில் விலக்கு விதிகளுக்குக் கீழே "ஒத்துழைக்க மறுப்பவர்கள்", "ஆய்வு நேரத்தில் வீட்டில் இல்லாதவர்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். இது தவறு. அவர்கள் உங்கள் சாம்பிளைச் (தேர்வான ஆட்களின் குழு, தமிழில் மாதிரி) சேர்ந்தவர்கள்தான், உங்களுக்குக் கிடைக்காமல் போனவர்கள். அவர்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டால், எத்தனை பேர் கிடைக்கவில்லை என்ற கணக்கே மறைந்துபோகும்.

பட்டியல் எங்கே கிடைக்கும், அதில் யார் இல்லை

எந்தத் தேர்வுக்கும் அடிப்படை ஒரு பட்டியல். வாக்காளர் பட்டியல் எளிதில் கிடைக்கும், வயதும் இருக்கும். ஆனால் இறந்தவர்களும் மணமாகி வேறு ஊருக்குப் போனவர்களும் அதில் இருப்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்களும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் இருக்க மாட்டார்கள். அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் வைத்திருக்கும் குடும்பப் பதிவேடு இதைவிட நல்லது. ஆனால் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இருக்கும் வீடுகள் அதில் திருத்தமாக இருக்கும். வயதானவர் தனியாக இருக்கும் வீடு சில சமயம் விட்டுப்போயிருக்கும்.

நமது உதாரணத்துக்கு ஆசைகாட்டும் ஒரு பட்டியல் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்த மாத்திரை தருகிறார்கள். பெயர், முகவரி எல்லாம் பதிவாகியிருக்கும். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறார்களா என்பது உங்கள் கேள்வியானால் அந்தப் பட்டியல் அருமையானது. எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்பது கேள்வியானால் அதைத் தொடக்கூடாது. நோய் இருப்பது ஏற்கெனவே தெரியவந்தவர்கள்தான் அதில் இருப்பார்கள். தனக்கு நோய் இருப்பதே தெரியாத ஆளைத்தான் நீங்கள் தேடிப் போகிறீர்கள்.

நல்ல பட்டியல் இல்லையென்றால் நீங்களே வீட்டுக் கணக்கு எடுப்பதுதான் வழி. தேசியக் குடும்ப நல ஆய்வே அப்படித்தான் செய்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த அதன் ஐந்தாம் சுற்றில், கிராமங்களைத் தேர்ந்தெடுக்க 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பட்டியலைப் பயன்படுத்தினார்கள். ஆனால் தேர்வான ஒவ்வொரு கிராமத்திலும் புதிதாக வீட்டுக் கணக்கு எடுத்து, அதிலிருந்துதான் 22 வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஓர் ஊருக்கு இரண்டு பேர் போங்கள். ஒருவர் வரைபடம் போடட்டும், இன்னொருவர் எண் போட்டுக்கொண்டே வரட்டும். ஊரின் ஒரு மூலையில் தொடங்கி, தெருவின் ஒரு பக்கம் முழுக்க முடித்து, மறுபக்கம் திரும்பி வாருங்கள். கதவு நிலையில் சாக்பீஸால் எண் எழுதலாம், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் அது இரண்டு குடும்பம். பூட்டிய வீட்டுக்கும் எண் உண்டு. கடைக்கு மேலே மாடியில் இருக்கும் அறை, அரிசி ஆலைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகள், பம்புசெட் அறையில் குடியிருக்கும் காவலாளி குடும்பம், ஏரிக்கரைப் புறம்போக்கில் இருக்கும் குடிசைகள் எல்லாவற்றுக்கும் எண் வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் பல கிராமங்களில் ஆதிதிராவிடர் குடியிருப்பு ஊரிலிருந்து தள்ளி, வயலுக்கோ சாலைக்கோ அப்பால் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, ஊராட்சித் தலைவர் வீட்டில் காபி குடித்து, அங்கிருந்து "வலது பக்கம் ஒவ்வொரு ஐந்தாவது வீடு" என்று நடக்கத் தொடங்கினால் அந்தக் குடியிருப்புக்குப் போய்ச் சேரவே மாட்டீர்கள். 80 வீடு முடிந்ததும் திரும்பிவிடுவீர்கள். அறிக்கையில் அது "கிராமத்தின் நிலை" என்று அச்சாகும், கிராமத்தின் ஒரு பகுதி அதில் இல்லாமலேயே. இந்த அநியாயத்துக்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை, சோம்பலான சாம்பிள் முறையே போதும். ஆகவே தொடங்கும் முன்பே குக்கிராமங்களின் பெயர்களையெல்லாம் கேட்டு எழுதுங்கள். கேட்கும் ஆளையும் மாற்றிக் கேளுங்கள்: தலைவர், செவிலியர், தபால்காரர், அந்தந்தக் குடியிருப்பில் இருப்பவர்.

எத்தனை பேர் வேண்டும்

எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்று கணக்கிடும் யமானே சூத்திரம் என்றால் நம் கல்லூரிகளில் தனிப் பிரியம். 1,000 பேர் உள்ள தொகுதிக்கு (நீங்கள் ஆராயும் மக்கள் மொத்தமும்), 5 சதவீதப் பிழை வைத்தால் 286 என்று அது சொல்லும். ஆனால் அது ஒரு விகிதத்தை மதிப்பிட, அந்த விகிதம் 50 சதவீதமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு, முழுப் பட்டியலிலிருந்து நேரடியாகக் குலுக்கி எடுக்கும்போதுதான் பொருந்தும். இரண்டு குழுக்களை ஒப்பிடவோ ஊர் ஊராகப் பிரித்து எடுக்கவோ அதை அப்படியே போடக்கூடாது.

நமது உதாரணத்துக்கு வேறு மாதிரி கணக்குப் போடலாம். முந்தைய ஆய்வுகளைப் பார்த்து 30 சதவீதம் பேருக்கு இருக்கலாம் என்று எதிர்பார்க்கிறீர்கள், விடை 5 சதவீதப் புள்ளிக்கு மேலே கீழே போகக்கூடாது. 1.96 (95 சதவீத நம்பகத்துக்கான எண்) இன் வர்க்கத்தை 0.3 ஆலும் 0.7 ஆலும் பெருக்கி, 0.05 இன் வர்க்கத்தால் வகுத்தால் 323 வரும். ஊர்களைத் தேர்ந்தெடுத்து அதற்குள் ஆட்களை எடுப்பதால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி இருக்கும் வாய்ப்பு அதிகம். அதை ஈடுகட்ட இரண்டால் பெருக்குவது வழக்கம்: 646. பத்தில் ஒருவர் கிடைக்காமல் போவார் என்று வைத்து 0.9 ஆல் வகுத்தால் 718. இந்த எண்ணிக்கை உங்கள் கைக்கு மீறியது என்றால் ஒன்றியத்தை விட்டுவிட்டு ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய கேள்விக்கு ஒழுங்கான விடை வைத்திருப்பவரை எந்தத் தேர்வாளரும் குறை சொல்ல முடியாது.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் தேர்வுக் கோளாறு சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு 1936 அமெரிக்க அதிபர் தேர்தல் ஒரு பாடம். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன்தான் வெல்வார் என்று பத்திரிகை அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐப் பிடித்தார். தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்த பெயர்கள் அதில் ஏராளம். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் காரும் தொலைபேசியும் யாரிடம் இருந்திருக்கும்? போதாததற்கு, பதில் அனுப்பாதவர்கள் அனுப்பியவர்களிலிருந்து வேறுபட்டவர்கள். இன்று கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டு 2,000 பதில் வந்தது என்று மகிழ்கிறவர்கள் செய்வதும் அதையேதான்.

குலுக்குவது எப்படி

பட்டியல் முழுமையாக இருந்து, ஆட்கள் அருகருகே இருந்தால் எளிய சமவாய்ப்பு மாதிரியே போதும். எக்செலில் பெயர்களுக்குப் பக்கத்தில் தற்செயல் எண் தரும் ரேண்ட் (RAND) செயற்பாட்டைப் போட்டு, வரும் எண்களை மதிப்பாக (paste values) ஒட்டி, வரிசைப்படுத்தி, மேலிருந்து தேவையான பேரை எடுங்கள். மதிப்பாக ஒட்ட மறந்தால் ஒவ்வொரு முறையும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், எந்தப் பட்டியல் உங்கள் பட்டியல் என்று நிரூபிக்க முடியாது.

வீடு வீடாகப் போகும் வேலைக்கு முறைவழி மாதிரி வசதி. 640 வீடுகளில் 80 வேண்டுமென்றால் எட்டுக்கு ஒன்று. 1 முதல் 8 வரை சீட்டுப் போட்டு ஒன்றை எடுங்கள். 3 வந்தால் 3, 11, 19 என்று போகலாம். முதல் எண்ணை நீங்களாக வைத்துக்கொள்ளக் கூடாது. சென்னையில் 2001இல் தொடங்கிய நகர்ப்புற, கிராமப்புற நோய்ப்பரவல் ஆய்வில், அன்றைய 155 வார்டுகளில் 46ஐ எடுத்து, 26,001 பேரை முறைவழியில் சேர்த்தார்கள். பிறகு விரிவான பரிசோதனைக்கு அவர்களிலிருந்து பத்துக்கு ஒருவரை அழைத்தார்கள். எல்லோருக்கும் முழுப் பரிசோதனை செய்ய வசதி இல்லாதபோது இந்த இரண்டு கட்ட வழி கைகொடுக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று: தொகுப்பு வீடுகளில் ஒரு வரிசைக்கு எட்டு வீடு இருந்து, உங்கள் இடைவெளியும் எட்டாக இருந்தால் எல்லா வரிசையிலும் ஒரே இடத்து வீடே விழும்.

தொகுதிக்குள் தெளிவாக வேறுபட்ட பிரிவுகள் இருந்தால் அடுக்கு மாதிரி எடுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் தனியாகக் குலுக்குவதுதான் அதன் சாரம். ஊர், ஆதிதிராவிடர் குடியிருப்பு, மலையடிவாரக் குக்கிராமம் என்று பிரித்தால் எதுவும் விட்டுப்போகாது. தேசியக் குடும்ப நல ஆய்வும் கிராமங்களை அடுக்கும்போது பட்டியல் சாதியினர், பழங்குடியினர் விகிதத்தைக் கணக்கில் எடுக்கிறது.

ஒன்றியம் முழுக்க வீட்டுக் கணக்கு எடுப்பது நடக்காத காரியம் என்பதால் நமக்குப் பொருத்தமானது கொத்து மாதிரி. முதலில் ஊர்களைத் தேர்ந்தெடுத்து, தேர்வான ஊர்களில் மட்டும் வீட்டுக் கணக்கு எடுத்தால் போதும். ஊர்களை அளவுக்கேற்ற வாய்ப்போடு எடுக்க வேண்டும். பெயர் பயமுறுத்தினாலும் கூட்டல் தெரிந்தால் போதும். ஆறு ஊர்களில் முறையே 420, 150, 800, 260, 90, 680 வீடுகள் என்று வையுங்கள். கூட்டிக்கொண்டே வந்தால் 420, 570, 1,370, 1,630, 1,720, 2,400. மூன்று ஊர் வேண்டும், ஆகவே இடைவெளி 800. 1க்கும் 800க்கும் இடையே குலுக்கியதில் 517 வந்தது. அது 421க்கும் 570க்கும் இடையே விழுகிறது, இரண்டாம் ஊர். 800ஐக் கூட்டினால் 1,317, மூன்றாம் ஊர். இன்னும் 800 கூட்டினால் 2,117, ஆறாம் ஊர். இந்த மூன்றிலும் தலா 40 வீடு எடுங்கள். பெரிய ஊர் தேர்வாகும் வாய்ப்பு அதிகம், ஆனால் அதற்குள் ஒரு வீடு தேர்வாகும் வாய்ப்பு குறைவு. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், ஒன்றியத்தின் எந்த வீட்டுக்கும் இருபதில் ஒரு பங்கு என்று சமமாக வரும். கணக்கு புரிய மூன்று ஊர் வைத்தேன், நிஜ ஆய்வுக்கு அது போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய தடுப்பூசி ஆய்வு முறையில் 30 கொத்து, கொத்துக்கு 7 குழந்தை என்று எடுத்தார்கள். ஒரே ஊரில் ஏராளமான பேரை எடுப்பதைவிட, அதிக ஊர்களில் குறைவான பேரை எடுப்பது எப்போதும் மேல்.

வீடு தேர்வாகிவிட்டது, உள்ளே நான்கு பெரியவர்கள் இருக்கிறார்கள். கதவைத் திறந்தவரிடம் கேட்டுவிட்டு வரக்கூடாது. வயது வரிசையில் எல்லோர் பெயரையும் எழுதி அங்கேயே சீட்டுப் போடுங்கள், அல்லது புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949இல் வகுத்த அட்டவணையைப் பயன்படுத்துங்கள். கடைசியாகப் பிறந்தநாள் வந்தவரை எடுக்கும் முறையும் உண்டு. ஆனால் பிறந்த தேதியே தெரியாத முதியவர்கள் உள்ள ஊரில் அது சரிப்படாது. நான்கு பேரில் ஒருவரை எடுத்தால் அவருடைய பதிலுக்குக் கணக்கில் நான்கு மடங்கு எடை தர வேண்டும், ஆகவே வீட்டில் தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர் என்பதைக் குறிக்க மறக்காதீர்கள். ரத்த அழுத்தம் போன்ற சுருக்கமான அளவீட்டுக்குத் தகுதியுள்ள எல்லோரையும் எடுத்துவிடலாம். பக்கத்தில் நின்று பார்க்கும் மாமியாரை ஒதுக்கிவிட்டு மருமகளுக்கு மட்டும் அளந்தால் வீட்டில் வருத்தம்தான் வரும்.

பூட்டிய கதவு

முழு வேலையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். 19ஆம் எண் வீடு பூட்டியிருந்தால் 20க்குப் போகக் கூடாது. காலை பத்து மணிக்கு வீடு பூட்டியிருக்கிறதென்றால் அவர்கள் நூறு நாள் வேலைக்கோ, மில்லுக்கோ, கட்டட வேலைக்கோ போயிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் அந்த நேரத்தில் இருப்பவர் பெரும்பாலும் வயதானவர் அல்லது உடம்பு முடியாதவர். பூட்டிய வீட்டுக்குப் பதிலாக அவரைச் சேர்த்துக்கொண்டே போனால், உழைக்கும் வயதினர் வெளியேறி முதியவர்கள் நிறைந்து, ரத்த அழுத்த சதவீதம் தானாக ஏறும். கருவியில் பிழை இல்லை, கணக்கில் பிழை இல்லை, ஆனால் விடை தவறு.

மூன்று முறை போக வேண்டும், மூன்றும் வெவ்வேறு நேரம். காலை ஏழுக்கு முன், மாலை ஆறுக்குப் பின், ஞாயிறு ஒரு முறை. பக்கத்து வீட்டு அக்காவிடம் "இவங்க எப்ப இருப்பாங்க?" என்று கேட்டால் பாதி அலைச்சல் மிச்சம். அப்போதும் கிடைக்கவில்லையென்றால் "கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். மறுத்தால் "மறுத்தார்" என்று எழுதுங்கள். வயது, பாலினம் தெரிந்தால் அதையும் குறித்துவையுங்கள். கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பின்னால் காட்ட அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும். கிடைக்காதவர்களுக்காகத்தான் முதலிலேயே 718 பேர் என்று கூட்டி வைத்தோம், மாற்று ஆள் தேட வேண்டியதில்லை.

குலுக்கல் இல்லாத முறைகள்

இவற்றைக் கீழானவை என்று நினைக்க வேண்டாம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று ஆழமாகக் கேட்பதானால், நிறுத்தியவர்களையே தேடிப்போய்ப் பேச வேண்டும். அதற்குக் குலுக்கல் எதற்கு? நோக்கம் சார்ந்த மாதிரி என்று பெயர். ஆண், பெண், கூலி வேலை செய்கிறவர், தனியாக வாழும் முதியவர் என்று பலவகைப்பட்டவர்களைத் திட்டமிட்டுச் சேர்த்து, புதிய செய்தி வருவது நின்றபின் நிறுத்துவது வழக்கம்.

வெளியில் தங்களை அடையாளம் காட்டத் தயங்கும் மக்களைப் பற்றிப் பட்டியலே இருக்காது. ஒருவர் மூலம் இன்னொருவர் என்று சங்கிலியாகப் போகும் பனிப்பந்து முறைதான் அங்கே வழி. ஆனால் நண்பர்கள் அதிகம் உள்ளவரே மீண்டும் மீண்டும் வருவார். அதை எடைபோட்டுச் சரிசெய்யும் ஒரு முறையைச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் 1997இல் முன்வைத்தார். சங்கிலியாகப் போகும்போது அடுத்தவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீங்கள் வாங்காதீர்கள். உங்களிடம் பேசியவரே தன் நண்பரிடம் சொல்லி, விருப்பமிருந்தால் அவர் உங்களைத் தேடி வரட்டும்.

ஒதுக்கீட்டு முறையில், 50 ஆண் 50 பெண் என்று இலக்கு வைத்து, அதற்குள் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அடுக்கு மாதிரி போலவே தெரியும், அதுதான் ஆபத்து. 1948 அதிபர் தேர்தலில் அமெரிக்கக் கருத்துக்கணிப்பாளர்கள் இந்த முறையை நம்பி டூயி வெல்வார் என்றார்கள், வென்றது ட்ரூமன். மருத்துவமனை புறநோயாளிகள் வரிசையில் நின்று எடுப்பது வசதி மாதிரி. வினாத்தாளைச் சோதித்துப் பார்க்க அது போதும், ஊர் நிலவரம் சொல்லப் போதாது.

புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யாரைச் சேர்ப்பது என்பது ஒன்று, சேர்ந்தவர்களில் யாருக்குப் புதிய மருந்து என்று குலுக்குவது வேறு. இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதையும் செய்ததாக எழுதாதீர்கள்.

யாரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது

அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை அரசு பொது சுகாதாரத் துறை சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்தது. 1940களில் பெனிசிலின் வந்த பிறகும் தரவில்லை. அவர்கள் ஏழைகள், எளிதில் கிடைத்தார்கள், கேள்வி கேட்கும் நிலையில் இல்லை. அதன் விளைவாக, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளின் நெறிமுறை பற்றி வந்த 1979 பெல்மாண்ட் அறிக்கை, ஆட்களைத் தேர்ந்தெடுப்பதிலேயே நீதி வேண்டும் என்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்களும் எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு கேட்கின்றன.

நம் அளவில் இது சின்ன விஷயங்களில் வரும். விடுதி மாணவிகளை வார்டன் வரிசையாக அனுப்பி வைத்தால் அது சம்மதம் ஆகாது. எஸ்டேட் மேலாளர் கூப்பிட்டு உட்காரவைத்த தொழிலாளி "மாட்டேன்" என்று சொல்ல முடியாது. அதிகாரத்தில் இருப்பவரிடம் அனுமதி வாங்குங்கள், பிறகு அவர் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டி, நடுநிலையான சாட்சி ஒருவர் முன்னால் கைநாட்டு வாங்குங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டாதீர்கள். அளந்து பார்த்து ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தால் அந்த நபரை எங்கே அனுப்புவது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் அத்தியாயத்தில் எழுத வேண்டியது

எந்தப் பட்டியல், எந்த ஆண்டுடையது, அதில் யார் விட்டுப்போயிருக்கலாம், எத்தனை ஊர், எப்படிக் குலுக்கினீர்கள், தொடக்க எண் என்ன, எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பேர் மூன்று முறை போயும் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணோடு எழுதுங்கள். வசதி மாதிரிதான் எடுத்தீர்களானால் வசதி மாதிரி என்றே எழுதுங்கள், நேர்மையாக எழுதியதற்கு மதிப்பெண் குறையாது. ஊர்ப் பெயர்களுக்குப் பதிலாகக் குறியீடு போட்ட கூட்டல் அட்டவணையையும், குலுக்கிய தேதியோடு உங்கள் கைடு கையெழுத்திட்ட எண் பட்டியலையும் பின்னிணைப்பில் சேருங்கள். பெயரும் வீட்டு எண்ணும் உள்ள தாளைத் தனியாகப் பூட்டி வையுங்கள், அது ஆய்வேட்டுக்குள் வரக்கூடாது.